எலிக்குக் கொடுத்த அளவும் நம் சனத்தின் மேல் படும் அளவும்

தோட்டத்து லயத்தில் பிறந்து, பேராதனையிலோ கொழும்பிலோ படித்து, ஆய்வுகூடத்தில் கால் வைக்கும் பிள்ளைகளே! தேயிலையில் அடிக்கும் மருந்து புற்றுநோய் தருமா என்பது நம் வீட்டுக் கேள்வி. அதற்கான பதிலை எலியிடம் தேடும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

1. எலியை அலட்சியம் செய்யாதீர்கள். தேயிலைக் கொப்பைத் துளைக்கும் வண்டுக்கு நம் மலைகளில் ஒரு காலத்தில் டையெல்ட்ரின் அடித்தார்கள். சுண்டெலிகளின் ஈரலில் அது கட்டி உண்டாக்கியது. பெரும்பாலும் அந்தச் சான்றை வைத்துத்தான் 1974இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது.

2. எண்ணிக்கையின் பலவீனத்தை அறிந்துகொள்ளுங்கள். வழமையான சோதனையில் மூன்று அளவுகளில் மருந்து பெறும் குழுக்களும், மருந்தே பெறாத ஒரு குழுவும் இருக்கும். குழுவுக்குக் குறைந்தது 50 ஆண், 50 பெண். எலிக்கு 24 மாதம், சுண்டெலிக்குப் பெரும்பாலும் 18 மாதம். 50 எலியில் ஒன்றுக்கும் கட்டி வராவிட்டாலும், நூற்றுக்கு ஆறு வரையான ஆபத்து கண்ணில் படாமல் தப்பியிருக்கலாம். அதனால்தான் மனிதர் உட்கொள்வதைவிடப் பல மடங்கு கொடுத்துப் பார்க்கிறோம்.

3. கட்டி வந்தால் ஏன் வந்தது என்று கேளுங்கள். சாக்கரின் என்ற இனிப்பூட்டியை அதிகமாகத் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. அது எலியின் சிறுநீருக்கே உரிய காரணத்தால் வந்தது என்று பின்னர் தெளிந்ததும், 2000இல் அமெரிக்கா அதைப் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம் தெரியும்வரை பயமுறுத்தவும் வேண்டாம், சமாதானம் சொல்லவும் வேண்டாம்.

4. கண்ணாடித் தகட்டின் முன் நேர்மையாக இருங்கள். மெழுகில் பதித்த ஈரலைத் தலைமயிரைவிட மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றினால், உயிரணுவின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். சந்தேகமான தகட்டை, எந்தக் குழுவுடையது என்று பாராமல் மறுபடி வாசியுங்கள். அந்த உயிர் போனது உண்மைக்காக. கவனக்குறைவால் அதை வீணாக்குவது பாவம்.

5. இரண்டு தீர்ப்பு வந்தால் இரண்டையும் படியுங்கள். 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2ஏ பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்பு அதிகம்) சேர்த்தது: விலங்குகளில் போதிய சான்று, மனிதரில் மட்டுப்பட்ட சான்று. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்பு குறைவு என்றது. எந்த ஆய்வுகளைச் சேர்ப்பது, சான்றுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் இரண்டும் வேறுபட்டன.

6. தடையோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். 2015இல் இலங்கை கிளைபோசேட்டைத் தடை செய்தது. முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம் வறண்ட வலயத்தின் சிறுநீரக நோய். மலைகளில் புல் மண்டியது; வேறு களைகொல்லிகள் புகுந்தன. நம் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியின் எச்சம் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. ஒன்றை விலக்கும்போதே அதன் இடத்துக்கு வருவதையும் சோதியுங்கள்.

7. யாருக்கான கணக்கு என்று எப்போதும் கேளுங்கள். எலிக்குத் தீங்கு செய்யாத உச்ச அளவை வழமையாக நூறால் வகுத்து, ஒருவர் வாழ்நாள் முழுக்க நாள்தோறும் உட்கொள்ளக்கூடிய அளவைக் குறிக்கிறார்கள். தேநீர் குடிப்பவருக்கு அது காவல். மருந்தடிப்பவருக்கு வேறு கணக்கு உண்டு. அதில் பெரும்பாலும் கையுறையும் பூட்ஸும் முழுக்கை உடுப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். டேங்க் மூடி ஒழுகி, சட்டை முதுகோடு ஒட்டி, அதே உடுப்போடு லயத்துக்குத் திரும்பி, பிள்ளையைத் தூக்குகிறவரை அந்தக் கணக்கு காணவில்லை. நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அவருடைய தோலில் எவ்வளவு படுகிறது, சிறுநீரில் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டியவர்கள் நீங்களே.

8. முடிவைத் தமிழில் சொல்லுங்கள். பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கு விளங்கும்படி, எது தெரியும், எது தெரியாது, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். நம் சனத்தின் உடம்பைப் பற்றிய அறிவு முதலில் நம் சனத்துக்குச் சேர வேண்டும்.