கம்பாக்‌ஷனை இரவுக்குத் தள்ளிவைக்கலாமா?

அன்புத் தம்பிக்கு,

"பகலில் ரைட் கொட்டும்போது கம்பாக்‌ஷனை நிறுத்திவைத்துவிட்டு இரவில் ஓட்டினால் என்ன?" என்று கேட்டிருந்தாய். நீ ஒருவன் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இத்துறையில் தலை நரைத்தவர்களும் இதையே சொல்கிறார்கள், எரிச்சல் அதனால்தான். ஆள் இல்லாத நேரத்தில் செய்துகொள்ளும் துப்புரவு வேலை அல்ல, எழுதிய கோப்புகளை இணைத்துத் திருப்பி எழுதும் கம்பாக்‌ஷன். நீ எழுதும் ஒவ்வொரு பைட்டின் செலவிலும் பெரும்பங்கு அதுதான். பாட்ரிக் ஓநீலும் மற்றவர்களும் 1996-இல் எல்.எஸ்.எம். மரத்தை முன்வைத்த கட்டுரையிலேயே இணைப்பு வேலை ரைட்டோடு கூடவே உருண்டுகொண்டு வருகிறது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் தலைப்பைத் தாண்டியதில்லை என்பது என் சந்தேகம்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு நோடுக்கு நொடிக்கு 5 எம்.பி. வருகிறது, லெவல்டு முறையில் ஒவ்வொரு பைட்டும் அடிமட்டம் சேர்வதற்குள் 20 தடவை திருப்பி எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள். கம்பாக்‌ஷனுக்கு நொடிக்கு 100 எம்.பி. வேண்டும். நீ ஓட்டும் காசாண்ட்ராவின் 4.0 பதிப்பில் அதற்கு இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்பு 64 (பழைய பதிப்புகளில் 16தான்). கம்பாக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கு ஏறத்தாழ 130 ஜி.பி. பாக்கி விழுகிறது. நீ சொல்கிறபடி 8 மணி நேரம் முழுதாக நிறுத்தினால் பாக்கி 2.88 டி.பி. அதே 64-இல் தீர்க்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். விடிந்துவிடும், மறுநாள் ரைட்டும் வந்துவிடும். குவிந்ததை மொத்தமாக இணைத்தால் திருப்பி எழுதுவது ஓரளவு குறையும், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சலுகையை நம்பி இறங்காதே.

இதற்கிடையில் ரீட் ஒவ்வொன்றும் கூடுதல் கோப்புகளைத் தேட வேண்டும். இயல்பான பத்து நாள் கெடு முடிந்த டூம்ஸ்டோன்களும் (அழிப்புக் குறிகள்) போகாமல் கிடக்கும். புதுக் கோப்பு எழுதி முடியும்வரை பழையதை அழிக்க முடியாது என்பதால், பாக்கியைத் தீர்க்கவே டிஸ்கில் காலி இடம் வேண்டும். இடம் தீர்ந்தால் கம்பாக்‌ஷனும் நின்றுவிடும்.

இப்படிப் பாக்கி குவியாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பிடித்த ஒரு நிரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதி 2011-இல் கூகுள் வெளியிட்ட லெவல்டிபி. லெவல் 0-இல் 4 கோப்பு சேர்ந்தால் அங்கே கம்பாக்‌ஷன் தொடங்கும். 8 ஆனதும் ஒவ்வொரு ரைட்டும் 1 மில்லிநொடி தாமதிக்கப்படும். 12 ஆனால் ரைட் நின்றுவிடும். அகப்பட்ட ஒருவரைப் பல நொடி நிறுத்திவைப்பதைவிட, வருகிற எல்லோரையும் ஒரு மில்லிநொடி தாமதிப்பது மேல் என்ற காரணத்தை நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மில்லிநொடியில் அதே கோரில் ஓடும் கம்பாக்‌ஷனுக்குக் கொஞ்சம் சிபியு கிடைக்கும் என்றும் யோசித்திருக்கிறார்கள். சேமிப்பு எந்திரங்களில் இவ்வளவு மரியாதையான வரிகளை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதிலிருந்து கிளைத்த ராக்ஸ்டிபியிலும் இதே ஏற்பாடுதான்: இயல்பாக 20 கோப்பில் வேகம் குறையும், 36-இல் ரைட் நிற்கும்.

காசாண்ட்ராவுக்கு இந்தக் குணம் கிடையாது. கம்பாக்‌ஷன் பாக்கி எவ்வளவு ஏறினாலும் வழக்கமான ரைட்டை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த மில்லிநொடியை உன் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். தரவை ஏற்றும் உன் லோடர் நொடிக்கு அனுப்பும் அளவுக்கு வரம்பு போடு. முடிந்தால் முன்னால் ஒரு காஃப்கா வரிசையை வை. காத்திருக்க வேண்டியது அங்கே காத்திருக்கட்டும். இதைச் செய்யாமல் மற்ற திருகாணிகளைத் திருகிக்கொண்டிருப்பது வீண்.

திருகித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் காசாண்ட்ராவின் நோட்டூல் கருவியில் உள்ள செட்கம்பாக்‌ஷன்த்ரூபுட். ரீஸ்டார்ட் தேவையில்லை. டிஸ்கையும் ரீட் லேட்டன்சியையும் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்று. 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள். அதைப் பலர் 'நிறுத்து' என்று நினைத்துப் போடுகிறார்கள், கடவுளே! பாக்கி இருக்கும்போது டேபிளைச் சைஸ்-டியர்டு முறையிலிருந்து லெவல்டு முறைக்கு மாற்றாதே; எல்லா நோடும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருப்பி எழுதக் கிளம்பும். அவசரத்துக்குப் புது நோடைச் சேர்ப்பதும் உடனே உதவாது. பழைய நோடுகள் அதற்குத் தரவை அனுப்ப வேண்டும், அதுவும் வந்த கோப்புகளைக் கம்பாக்ட் செய்ய வேண்டும்.

யாரும் படிக்காத காலி டேபிளில் முதல்முறை மொத்தமாக ஏற்றுகிறாயா? டிஸ்கில் தாராளமாக இடமும் இருந்தால், நீ கேட்டபடி நிறுத்திவைத்துக்கொள். அங்கே மட்டும்.

கம்பாக்‌ஷன்ஸ்டாட்ஸ் காட்டும் பெண்டிங் எண் வெறும் மதிப்பீடு. ஒரு தடவை பார்த்துப் பதறாதே. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார். ஒரே நோடில் மட்டும் ஏறினால் அந்த டிஸ்கையோ தரவுப் பங்கீட்டையோ சந்தேகப்படு. லோடருக்கு வரம்பு போட்டபின் ஒரு முழு நாளுக்கு, அரை மணிக்கொரு முறை, நோடுவாரியாக அந்த எண்ணைக் குறித்து அனுப்பு. கிராஃப் வேண்டாம், எண்கள் போதும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்