அந்த மூட்டையை யாருக்காகத் தூக்கினார்?

ஞாயிற்றுக்கிழமை கீதை வகுப்பில் கர்மயோகம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் அத்தியாயம், 47-ஆம் சுலோகம். வேலை நம் கையில் இருக்கிறது, விளைவு நம் பிடியில் இல்லை என்று கண்ணன் அர்ச்சுனனுக்கு விளக்கும் இடம். பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவன் கையைத் தூக்கினான்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. இது முதலாளிக்குத்தான் ரொம்ப வசதியான சுலோகம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பதில் வரவில்லை. அவன் தஞ்சோங் பகாரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறான். மாதம் மூன்று அறிக்கை தயாரிக்க வேண்டும். "யாருமே படிக்கிறதில்ல. ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து எதுக்குச் செய்யணும்?" என்று கேட்டான். பாவம், நியாயமான கேள்விதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா ஞாபகம் வந்தது. அவரும் தஞ்சோங் பகாரில்தான் வேலை பார்த்தார், துறைமுகத்தில். அந்தக் காலத்தில் கப்பலில் இருந்து அரிசி, சர்க்கரை மூட்டைகளைத் தோளில்தான் இறக்குவார்கள். 1972 ஜூனில் 'நிஹோன்' என்ற முதல் கொள்கலன் கப்பல் அங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு தோளுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. அப்பா கொள்கலன்களைக் கட்டும் வேலைக்கு மாறினார். 2017-க்குள் அந்த முனையமும் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம் மாறிவிட்டது. அவர் உழைத்த இடத்தில் அவர் பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை. அப்படியானால் அத்தனை உழைப்பும் வீணா?

முதலில் அந்தத் தம்பியின் கிண்டலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பலனை எதிர்பார்க்காதே என்றால் கூலி கேட்காதே என்று அர்த்தமில்லை. 1945 அக்டோபரில் இதே தஞ்சோங் பகாரில் ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி என்பது பேசி முடிவு செய்த கடன், அதைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை. 'என்னைப் பாராட்டினால்தான் ஒழுங்காச் செய்வேன்' என்கிற எண்ணத்தைத்தான் கீதை விடச் சொல்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கொள்கலன் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை பூட்டு மாட்டி, இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டு முறுக்கி இறுக்க வேண்டும். சரியாக இறுக்கினால் யாரும் கவனிக்கப்போவதில்லை. தளர்ந்திருந்தால் நடுக்கடலில் அடுக்கு சரியும். அப்போது கீழே நிற்பது முகம் தெரியாத ஒரு மாலுமி. "அவன் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கும்ல?" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அவருக்கு கீதை தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது.

அறுபத்து மூவரில் திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர். அடியார்களின் மனக்குறிப்பை அறிந்து தொண்டு செய்ததால்தான் அந்தப் பெயர். குளிரில் நடுங்கிய கிழவராகச் சிவன் வந்து, பொழுது சாய்வதற்குள் கந்தலை வெளுத்துக் காயவைத்துத் தரச் சொன்னார். மழை விடவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துவைக்கிற கல்லில் தலையை மோதப் போனார். சிவன் கை நீண்டு தடுத்தது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, ஒரு துணிக்காகவா என்று தோன்றும். அவர் துணியைப் பார்க்கவில்லை, அந்தக் கிழவர் ராத்திரி குளிரில் என்ன செய்வார் என்று பார்த்தார். (தலையை மோதுவதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்!)

அடுத்த ஞாயிறு தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: "உன் அறிக்கை யார் கைக்குப் போகுதுன்னு விசாரிச்சுட்டு வா."

இரண்டு வாரம் கழித்து வந்தான். மூன்றில் இரண்டு அறிக்கையை நிஜமாகவே யாரும் படிப்பதில்லையாம். நிறுத்திவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறான், இன்னும் பதில் இல்லை. மூன்றாவதை ஜூரோங் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓர் அண்ணன் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாராம். வரிசை எண் இல்லாததால் ஒவ்வொரு பெட்டிக்கும் தேடி அலைகிறாராம்.

"இப்ப வரிசை எண்ணையும் சேர்த்துப் போடுறேன் அங்கிள். இருபது நிமிஷம் கூட ஆகுது," என்றான்.