துயர எதிர்மாந்தரும் அகமுரணும்: முக்கியக் குறிப்புகள்

வரையறைகள்
• துயர எதிர்மாந்தர்: தீங்கு இழைப்பவர், தீமைக்கு முன் ஓர் இழப்பு உடையவர். வாசகரிடம் வெறுப்பும் இரக்கமும் ஒருசேர.
• அகமுரண்: ஒரே மனத்தில் எதிரெதிர் விழைவுகள் இரண்டு.
• உளவியலாளர் குர்ட் லெவின் (1890–1947) வகுத்தவை 3: அணுகல்–அணுகல், விலகல்–விலகல், அணுகல்–விலகல்.
• ஹமார்ஷியா: அரிஸ்டாட்டில், 'கவிதையியல்', கி.மு. 4ஆம் நூற்றாண்டு. நாயகனை வீழ்த்தும் பிழை. பிறவித் தீமை அன்று.

தொல்காப்பியத்தின் அழுகை
• மெய்ப்பாடுகள் 8. அவற்றுள் ஒன்று அழுகை.
• அழுகையின் நிலைக்களன் 4: வறுமை, இளிவு (இகழப்படுதல்), இழவு (இழத்தல்), அசைவு.
• அசைவு, பேராசிரியர் உரைப்படி: பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல். மனிதன் அரக்கனாகும் கதைகளுக்கு மிகப் பொருத்தமான பழஞ்சொல் இதுவே. பாடத்தில் பெரும்பாலும் பொருளின்றி மனனம் செய்யப்படும் சொல்லும் இதுவே.

நான்கும் பொருந்தும் சான்று: அகாஸா
• படைப்பு: 'டீமன் ஸ்லேயர்', கோதோகே கொயோஹாரு, மாங்கா (ஜப்பானியப் படக்கதை) 2016–2020, 23 தொகுதிகள்.
• மனிதப் பெயர் ஹகுஜி. அரக்கர் மேல்நிலை வரிசையில் 3ஆம் இடம்.
• வறுமை: நோயுற்ற தந்தையின் மருந்துக்காகத் திருட்டு.
• இளிவு: கைகளில் குற்றவாளிப் பச்சை.
• இழவு: தந்தையின் தற்கொலை, பின்னர் மணம் பேசிய கோயுகிக்கும் ஆசானுக்கும் கிணற்று நீரில் நஞ்சு.
• பழிவாங்கல்: வெறுங்கையால் 67 பேர் கொலை.
• அசைவு: அரக்கனாக்கப்படுதல், நினைவழிவு. யாரைக் காக்க வலிமை தேடினான் என்பதும் மறந்து, வலிமை ஒன்றே எச்சம். அனிமே துயர எதிர்மாந்தருள் முதலிடம் தரத்தக்கவன்.
• திரையில் முழுப் பின்கதை: 2025.

பிற அனிமே
• 'டெவில்மேன்': நாகாய் கோ, 1972–73. நாயகனின் நண்பன் ரியோவே சாத்தான்.
• 'பெர்செர்க்': மியுரா கென்தாரோ (1966–2021), மாங்கா தொடக்கம் 1989. க்ரிஃபித்: நாடாளும் கனவுக்குத் தன் படையையே பலியிட்டவன். முரண் வகை: அணுகல்–அணுகல், கனவும் வேண்டும், தோழமையும் வேண்டும்.
• 'மடோகா மேஜிகா': 2011, 12 பகுதிகள். மாயச் சிறுமியர் நம்பிக்கை முற்றும் இழந்தால் சூனியக்காரியர், வேட்டையாடியவரே வேட்டைப்பொருள்.

கம்பனின் கும்பகருணன்
• இடம்: யுத்த காண்டம்.
• முரண் வகை: விலகல்–விலகல். அண்ணன் இராவணனின் பிழை அறிந்தவன். அண்ணனைப் பிரிதலும் பிழை.
• வீடணன் அழைப்புக்கு மறுப்பு. காரணம்: செஞ்சோற்றுக் கடன்.
• இராமனிடம் இறுதி வேண்டுகோள்: வீடணனுக்கு அடைக்கலம், மூக்கிழந்த தன் தலை கடலுள். மானமே கடைசி எண்ணம்.

மலாய் இராவணன்
• நூல்: 'ஹிகாயாட் ஸ்ரீ ராமா'.
• இளமையில் நாடுகடத்தல். செரண்டிப் மலையில் தலைகீழ்த் தவம்.
• நபி ஆதம் வழி இறைவரம்: 4 உலக ஆட்சி. நிபந்தனை: நீதி. வீழ்ச்சிக்குக் காரணம் நிபந்தனை மீறல். வலிமைக் குறைவு அன்று.

மலேசியாவின் பேராக் தோட்டங்கள்
• ரப்பர் கன்றுகள்: கோலகங்சார், 1877, 9 கன்றுகள். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலம்.
• பால்மரம் சீவ வந்த தமிழர் உடன்கொணர்ந்த காவல் தெய்வங்கள்: முனீஸ்வரன், மதுரை வீரன், காளியம்மன்.
• மதுரை வீரன்: அரசு பார்வையில் குற்றவாளி; தண்டனை மாறுகால் மாறுகை வாங்குதல். கதையின் மன்னர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659). திரைப்படம் 1956, எம்.ஜி.ஆர்.
• காத்தவராயன்: கழுவேற்றப்பட்டவன், அவனும் தெய்வம்.
• அனிமேவுக்கு நேர்மாறு: அங்கே துயருற்றவன் அரக்கன், இங்கே தண்டிக்கப்பட்டவன் எல்லைக் காவலன். அதிகாரம் வெட்டிய உடலுக்கே தோட்டத் தொழிலாளர் படையல். ஒப்பீட்டு வினாவுக்கு மையப் புள்ளி.
• படையல்: சுருட்டு, சாராயம், கோழி, ஆடு.
• தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் இடம்பெயர்ந்த சிறுகோயில்கள் பல.

மலேசியத் தமிழ்த் திரை
• 'ஜகாட்': 2015, இயக்கம் சஞ்சய் குமார் பெருமாள். மேற்கண்டவை போல் கற்பனையுலகம் அன்று. 12 வயது அப்போய். தந்தை மணியம், சித்தப்பன்மார் இருவர். ஒருவர் குண்டர் கும்பலில்.