கண்ணை ஏமாற்றிவிடலாம், விரலை?

இளம்பிள்ளையில் கடை திறந்ததும் நடக்கிற முதல் வேலை, இப்போதெல்லாம் போனை ஸ்டாண்டில் மாட்டுவதுதான். சேலத்துக்குத் தென்மேற்கே, கஞ்சமலையைத் தாண்டி இருக்கும் இந்த ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓய்வதில்லை. தறியிலிருந்து இறங்கிய சேலையை மொத்தக் கடைக்காரர் போன் முன்னால் விரிக்கிறார். முந்தியைக் காட்டுகிறார், பார்டரைக் கிட்டக் கொண்டுவருகிறார், புட்டாவின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறார். மறுமுனையில் எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் குரல் கேட்கிறது: "துணி எப்படிண்ணா இருக்கும்? சொரசொரன்னு இருக்குமா?" கடைக்காரர் பதில் சொல்கிறார்: "நல்லா சாஃப்ட்டா இருக்கும்மா, நம்பி எடுங்க." கண் கேட்டதையெல்லாம் கேமரா காட்டிவிட்டது. விரல் கேட்டதற்கு வெறும் வார்த்தைதான் பதிலாகக் கிடைத்தது.

விர்ச்சுவல் ரியாலிட்டி, ஆக்மெண்டட் ரியாலிட்டி என்ற இரண்டு பெயர்களும் சேலை வியாபாரத்திலும் அடிபடத் தொடங்கிவிட்டன. முதலாவது, வி.ஆர்.: கண்ணை முழுக்க மூடும் ஹெட்செட்டுக்குள் வேறோர் இடத்தையே காட்டுவது. இரண்டாவது, ஏ.ஆர்.: எதிரில் இருக்கும் நிஜ அறையின் மேலேயே, போன் வழியாகவோ கண்ணாடி வழியாகவோ ஒரு பொருளைப் பதித்துக் காட்டுவது. இவற்றைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் சிலவற்றை உரசிப் பார்ப்பது வியாபாரிக்கும் நல்லது, படிக்கிற பிள்ளைகளுக்கும் நல்லது.

நம்பிக்கை: இது நேற்று வந்த விளையாட்டுச் சாமான்

தலையில் மாட்டிப் பார்க்கும் முதல் கணினித் திரையை அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் 1968-ல் காட்டினார். அதைத் தலை தாங்காது என்பதால் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதில் தெரிந்தது வெறும் கோடுகளால் ஆன ஒரு கனசதுரம். ஆனால் பார்ப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கேற்ப அதன் பக்கங்களும் மாறின.

ஏ.ஆர். பிறந்த இடம் விளையாட்டு மைதானம் கிடையாது, தொழிற்சாலை. 1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் விமானத்துக்கான வயர்க் கட்டுகளைப் பெரிய பலகைகளின் மேல் வரைபடம் பார்த்துப் பார்த்து அமைத்துவந்தார்கள். எந்த வயர் எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண்ணாடியிலேயே காட்டிவிட்டால் என்ன என்று டாம் காடெல், டேவிட் மிஸெல் என்ற இருவர் யோசித்தார்கள். 'ஆக்மெண்டட் ரியாலிட்டி' என்ற பெயரே அந்த வேலையிலிருந்து பரவியதுதான். ஆயிரக்கணக்கான இழைகளை இடம் தவறாமல் பிணைக்கும் பாவு பிணைப்பவருக்கு, அந்த யோசனை ஏன் வந்தது என்று விளக்கவே வேண்டாம்.

மருத்துவத்திலும் வி.ஆரின் வேர் ஆழமானது. 1996-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும், தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது எழும் வலியைக் குறைக்க வி.ஆர். வழியைத் தொடங்கினார்கள். பனிப் பள்ளத்தாக்கில் பனிப்பந்து எறியும் ஓர் உலகத்தை அதற்காகவே உருவாக்கினார்கள். கவனம் அங்கே போக, வலியின் மேல் இருக்கும் கவனம் குறைந்தது. 2002-ல் யேல் பல்கலைக்கழகம் பித்தப்பை அறுவைப் பயிற்சியில் 16 இளம் மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. வி.ஆரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. இதை விளையாட்டு என்று ஒதுக்குவது சரியில்லை.

நம்பிக்கை: 3டி படம்தானே, குட்டிச்சாத்தான் காலத்திலேயே பார்த்ததுதானே

இந்தியாவின் முதல் 3டி படம் 1984-ல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்'. கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே வந்த பொருளைப் பிடிக்கக் கையை நீட்டியவர்கள் நிறையப் பேர். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டினால் ஆழம் தெரியும் என்பது 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிய சங்கதி. வி.ஆருக்கு அது அடிப்படை, அவ்வளவுதான்.

தியேட்டரில் எட்டிப் பார்த்தாலும் தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. வி.ஆரில் தெரிய வேண்டும். தலை அசைந்த அந்த நொடியிலேயே புதுக் காட்சி தயாராக வேண்டும். தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லிநொடிக்கு மேல் போனால் மூளை கண்டுபிடித்துவிடும். ஒரு நொடியை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ஒரு பங்கோடு மல்லுக்கட்டுவதுதான்.

நம்பிக்கை: தலைசுற்றல் பயந்தவர்களுக்கு வரும், அதிலும் பெண்களுக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனால் குமட்டும். கண் "அசையவில்லை" என்கிறது, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "வளைகிறோம்" என்கிறது. ஹெட்செட்டில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. கண் "ஓடுகிறோம்" என்கிறது, காது "நாற்காலியில்தான் இருக்கிறோம்" என்கிறது. இது உடம்பின் கணக்கு, இதில் பயத்துக்கு வேலை இல்லை.

கண்ணுக்குள்ளேயே இன்னொரு சண்டையும் உண்டு. ஊசியில் நூல் கோக்கும்போது இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பும், கண்ணின் லென்ஸும் கிட்டத்துக்கு இறுகும். இரண்டும் சேர்ந்தே நடந்து பழகியவை. பெரும்பாலான ஹெட்செட்டுகளில் திரையின் ஒளி ஒரே தூரத்திலிருந்து வருவதுபோல அமைத்திருக்கிறார்கள். பொருள் மூக்குக்கு முன்னால் வந்தால் கண்கள் திரும்பும், லென்ஸ் மட்டும் பழைய தூரத்திலேயே நிற்க வேண்டும். 2008-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸ் குழு, கண் அயர்ச்சிக்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு காரணம் என்று காட்டியது. இடைவேளை விட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பெண்களைப் பற்றிய பேச்சுக்கு 2020-ல் பதில் வந்தது. கே ஸ்டானி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பார்த்தபோது, ஹெட்செட் லென்ஸ்களின் இடைவெளி பல பெண்களின் கண் இடைவெளிக்குப் பொருந்தவே இல்லை. இடைவெளி பொருந்திய பெண்களுக்கு ஏற்பட்ட தொல்லை ஆண்களுக்கு ஏற்பட்ட அளவுதான். ஆண் முகத்தை வைத்துக் கருவியைச் செய்துவிட்டுப் பெண்ணைப் பலவீனம் என்று சொல்லிவந்திருக்கிறோம். இந்த ஒரு ஆய்வுக்காகவாவது அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

நம்பிக்கை: மெட்டாவெர்ஸ் என்றால் வி.ஆர்.தான்

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு மெட்டாவெர்ஸில் நடந்தது என்று நாடெங்கும் செய்தி வந்தது. மணப்பெண்ணின் மறைந்துபோன தகப்பனார் உருவத்தையும் அதில் கொண்டுவந்திருந்தார்கள். உருக்கமான காரியம்தான். ஆனால் விருந்தினர் பெரும்பாலும் போனிலும் லேப்டாப்பிலும்தான் நுழைந்தார்கள். மெட்டாவெர்ஸ் என்ற, பலர் கூடும் இணைய இடம் வேறு, உடம்பையே அங்கே இருப்பதாக உணரவைக்கும் வி.ஆர். வேறு.

நம்பிக்கை: போனிலேயே சேலை கட்டிப் பார்த்துவிடலாம்

இளம்பிள்ளைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது இதுதான், சிக்கலும் இதில்தான் அதிகம்.

மூக்குக்கண்ணாடியைப் போனில் மாட்டிப் பார்ப்பது இன்று சாதாரணம். கூகுளின் மீடியாபைப் மென்பொருள் முகத்தில் 468 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. கண்ணாடி வளையாது, மடியாது, புள்ளிகளில் உட்கார்ந்துவிடும். அதே மென்பொருள் முழு உடம்புக்கும் கண்டுபிடிப்பது 33 புள்ளிகள். சட்டைக்குத் தைத்த அளவாவது இருக்கிறது. சேலைக்கு அதுவும் கிடையாது. ஐந்தரை மீட்டர் தைக்காத துணி. கொசுவம் வைக்கிற விரல்தான் அதற்கு உருவம் கொடுக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் அடுத்த மடிப்பை இடிக்கும், தள்ளும், வழுக்கும். துணியை எண்ணற்ற சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறைகளில் டேவிட் பேராஃப், ஆண்ட்ரூ விட்கின் இருவரும் 1998-ல் பெரிய பாய்ச்சல் காட்டினார்கள். அந்தக் கணக்கைப் போனுக்குள் உடனுக்குடன் செய்வது இன்றும் கடினம். அதனால் பல செயலிகள் சேலையின் படத்தை உடம்பின் மேல் ஒட்டிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

பிறகு நிறம். மயில்கழுத்துக் கலர் சேலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேரே பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. போட்டோ ஒரு கோணத்தை மட்டும் பிடிக்கும். நெய்த துணியில் ஒவ்வொரு நூலின் வளைவிலும் வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது என்று பிட்டி இரவான், ஸ்டீவ் மார்ஷ்னர் ஆகியோர் 2012-ல் ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். நூலின் தடிமன், முறுக்கு, நெசவு அமைப்பு எல்லாம் அந்தக் கணக்குக்கு வேண்டும். டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்து ஜக்கார்டு அட்டை அடிப்பவரிடம் நெசவு அமைப்பு ஏற்கனவே கட்டங்களாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கிற ஒரு புள்ளி. கணினித் திரையின் புள்ளிகளுக்கு அண்ணன் அது. கூகுள் 2015-ல் தொடுவதை உணரும் நூலைத் துணியோடு நெய்யும் திட்டத்துக்கு 'ஜக்கார்டு' என்றே பெயர் வைத்தது. 2017-ல் அந்த நூலோடு ஒரு லீவைஸ் ஜாக்கெட்டும் விற்பனைக்கு வந்தது.

கண்ணைச் சமாளித்தாலும் விரல் மிஞ்சுகிறது. சினிமாவுக்கு நொடிக்கு 24 படம் போதும், வி.ஆருக்கு ஏறத்தாழ 90. தொடு உணர்வைப் பொய்யாக உண்டாக்கும் கருவி, நொடிக்கு ஆயிரம் தடவை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கெட்டியான சுவர்கூடக் களிமண் மாதிரித் தெரியும். 2013-ல் ஸ்வீடனில் நடந்த ஆய்வில், பத்து நானோமீட்டர் அளவே உயரமுள்ள வரிகளை மனித விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்து அறிந்தது. தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறாக்கினாலும் அதில் ஒரு கூறு இதைவிடப் பெரிதாக இருக்கும். சேலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக உருட்டிப் பார்த்து "இது வேற நூல்" என்று சொல்பவர் மாயம் எதுவும் செய்யவில்லை.

நம்பிக்கை: இந்த ஆராய்ச்சியெல்லாம் வெளிநாட்டில்

2002 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலும் இருந்த இரண்டு பேர், இணையம் வழியே ஒரே மெய்நிகர் பெட்டியைச் சேர்ந்து தூக்கினார்கள். அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தள்ளுவது இந்தப் பக்கத்துக் கைக்குத் தெரிந்தது. எம்.ஐ.டி. பக்கம் வழிநடத்தியவர் மண்டயம் ஸ்ரீனிவாசன். தொடு உணர்வுக்கென்றே அவர் அங்கே நடத்தியது 'டச் லேப்'.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதே பெயரில் ஒரு ஆய்வுக்கூடம் பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் இயங்குகிறது. அவரே வழிநடத்தும் எக்ஸ்டிக் என்ற ஆய்வு மையம் வி.ஆர்., ஏ.ஆருக்கென்றே உருவானது. கல்லூரிகள், தொழில் நிறுவனங்கள், ஸ்டார்ட்அப்கள் எல்லாம் சேரும் 'கேவ்' என்ற கூட்டமைப்பும் 2022-ல் அங்கிருந்து தொடங்கியது. அங்கே உருவான 'ஐடாட்' என்ற தொடுதிரை இளம்பிள்ளைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. வழுவழுப்பான கண்ணாடித் திரைதான், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. விரல் நகர நகர, மின்புலத்தால் உராய்வைக் கூட்டியும் குறைத்தும் விளிம்பு, சொரசொரப்பு, வழவழப்பு எல்லாம் விரலுக்குத் தெரியும்படி செய்கிறார்கள்.

ஆனால் அது உராய்வு மட்டும்தான். சேலையின் கனம், தொட்டவுடன் தெரியும் குளிர்ச்சி, தோளில் விழும் விதம் ஆகியவை இன்னும் திரைக்குள் வரவில்லை. அவை வர வேண்டுமானால் முதலில் துணியை அளக்க வேண்டும். ஜப்பானில் சுவேயோ கவாபாட்டா 1970-களில் அதைத்தான் செய்தார். ஆலைகளில் துணியைத் தொட்டே தரம் சொல்லும் அனுபவசாலிகளை உட்காரவைத்து, அவர்கள் வாயில் வந்த கோஷி, நுமேரி, ஃபுகுராமி போன்ற சொற்களைச் சேகரித்தார். விறைப்பு, வழவழப்பு, புசுபுசுப்பு என்று தமிழில் சொல்லலாம். பிறகு இழுத்தும் வளைத்தும் அமுக்கியும் 16 அளவுகள் எடுத்து அந்தச் சொற்களோடு பொருத்தினார். இன்றைக்கும் துணியின் தொடு உணர்வை எண்ணாக்க முயல்பவர்கள் அவருடைய முறையைத் தேடிப் போகிறார்கள்.

இளம்பிள்ளைக் கடைகளில் மொறமொறப்பு, சொரசொரப்பு, "நல்லா விழுது" போன்ற சொற்கள் நாள் முழுக்கப் புழங்குகின்றன. சென்னையின் ஆய்வுக்கூடமும் சேலத்துப் பொறியியல் மாணவர்களும் இந்தக் கடைகளில் வந்து உட்கார்ந்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் துணி என்று எழுதி அளந்தால், அடுத்து வரும் திரைகளுக்கு நம் சேலையின் தொடு உணர்வும் தெரிந்திருக்கும். ஜப்பானியக் கோட்டுத் துணிக்குக் கிடைத்த மரியாதை இதற்கும் கிடைக்க வேண்டும். இப்போதைக்கு, போனில் கேட்கும் பெண் ரொம்பத் தயங்கினால் கடைக்காரர் ஒரு சேலையை மடித்துக் கவரில் போட்டு, "சாம்பிள் ஒண்ணு அனுப்பறேன், தொட்டுப் பாத்துட்டு மிச்சத்துக்குச் சொல்லும்மா" என்கிறார்.