இரு உலோகம் தொடும் இடத்தில் கவனம்!

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிதாக பாடி தகடு செய்பவர்கள் வளைவு சரியாக வருமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். ஆனால், அந்த வேலை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தகடுகள் சேரும் இடமே தீர்மானிக்கிறது. 1950, 60களில் இங்கிலாந்தில் தயாரான ஆஸ்டின்-ஹீலி 100, 3000 கார்களே சாட்சி. அவற்றின் முன், பின் மேல்தகடுகள் அலுமினியம். பக்கத்து மட்கார்டுகள் ஸ்டீல். இரண்டும் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், சின்ன பாட்டரி போல மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

‘எல்லாமே ஸ்டீலாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே?’ எனலாம். உண்மைதான். ஆனால், அதே தடிமனுள்ள அலுமினியத் தகட்டின் எடை ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வேகத்துக்குப் பிறந்த காரில் அந்த எடைக் குறைவை எளிதில் விட்டுவிட முடியாது. ‘பெயின்ட் போதாதா?’ போல்ட் முறுக்கும்போதே கீறல் விழும். அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது இன்னும் மோசம். கீறிய சிறு இடத்திலேயே அரிப்பு குவியும். எனவே, இரண்டு தகடுகளுக்கும் தனித்தனியே பிரைமர் அடித்துக் காயவிட்டு, நடுவே சீலன்ட் அல்லது ரப்பர் பட்டை வைத்து, போல்ட் உலோகத்தைத் தொடாதபடி நைலான் வாஷரும் குழலும் போட்டு, தண்ணீர் வடிய வழிவிட்ட பிறகே பூட்டுங்கள்.