திராட்சைக்குக் குளிர்ந்த இரவு வேண்டும்

நம்பிக்கை: பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊராயிற்றே, புதுச்சேரியில் ஒயின் தோட்டங்கள் இருந்திருக்கும்.

உண்மை: ஒயின் இங்கே கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மதுச்சாடிச் சில்லுகள், பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது இப்படித்தான் வந்தது என்று காட்டுகின்றன.

காரணம் வானிலை. பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோ 45 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். 12 டிகிரியில், கடலை ஒட்டி இருக்கும் புதுச்சேரிக் காலாப்பட்டில் அந்த உறக்கமே கிடையாது. மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இரவு சூடாக இருந்தால் பழுக்கிற காய் தன் புளிப்பைத் தானே எரித்துவிடும். இனிப்பு ஏறும், புளிப்பு இருக்காது. அந்தச் சாற்றில் நல்ல ஒயின் வராது.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடிப் பந்தலில் பன்னீர் திராட்சைக் கொடியைப் பார்த்தேன். இலைமேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு. திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. அடிச்சாம்பல் நோய். பூவெல்லாம் கருகியிருந்தது.

நம்பிக்கை: வெயில் நாட்டில் திராட்சை தேறாது.

உண்மை: காலாப்பட்டுக்கும் தெற்கே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் அறுவடை நடக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. பாசனத்துக்குப் பெரியாறு தண்ணீர் இருக்கிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் கைபட்ட திராட்சை புதுச்சேரியில் அல்ல, தேனி மாவட்டத்தில்தான் வேரூன்றியது.

ஒயினுக்கென்றே வளர்க்கும் நாசிக்கும் பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நாசிக் சுமார் 600 மீட்டர் உயரம், நந்தி மலை வட்டாரம் அதற்கும் மேல். உயரம் இரவைக் குளிர்விக்கிறது. குளிர்காலம் செய்யும் மீதி வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது: ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்ததும் இன்னொன்று, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வானம் தராத பருவத்தை உழவர் கையால் உண்டாக்குகிறார். இந்தக் கைவேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம்பிக்கை: நம் மண்தான் சரியில்லை.

உண்மை: மண்மேல் பழி போட வேண்டாம். போர்தோவின் பேர்பெற்ற தோட்டங்கள் பல கூழாங்கல் மண்ணில் நிற்கின்றன. தண்ணீர் தேங்காத நம் செம்மண்ணும் மணலும் கொடிக்குப் பகையல்ல.

வீட்டில் ஒரு கொடி வளர்க்க ஆசையா? பன்னீர் ரகத்தையே வையுங்கள். மழை விட்டபின் மார்கழிக் கடைசியிலோ தையிலோ கவாத்து செய்யுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் பழம் பறிக்கலாம், சாப்பிடுவதற்கு.