காலித் தோட்டாவும் பித்தளையின் குணமும்

வாலாஜாபாத் ஒரு காலத்தில் பட்டாளம் தங்கிய ஊர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்தப் பாலாற்றங்கரை ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்கு ஒரு பெரிய பாளையம் இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் தேதி கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் மகன் திப்புவும் நொறுக்கினார்கள். துப்பாக்கிக் கதைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. அந்தக் கதைகளோடு சேர்ந்து பரவும் தவறான நம்பிக்கைகளில் சில ஆளைக் கொல்லக்கூடியவை. அதனால்தான் இந்த வாரம் தோட்டாவை எடுத்துக்கொண்டேன்.

நம்பிக்கை: புள்ளலூர் போன்ற பழைய போர்க்களங்களில் கிடைக்கும் பித்தளைத் தோட்டா ஹைதர் காலத்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. அன்றைய தோட்டா காகிதத்தில் சுருட்டியது. அளந்த வெடிமருந்தும் ஒரு ஈயக் குண்டும் உள்ளே இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை இடிப்பான். புள்ளலூரில் பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறிய காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். 1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த கொழுப்பு தடவிய தோட்டாவும் காகிதம்தான். பிரிட்டிஷ் படைக்குப் பித்தளை வந்தது 1866க்குப் பிறகு, ஸ்னைடர் துப்பாக்கியோடு. அதுவும் முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உறை. ஒரே துண்டாக இழுத்துச் செய்த உறை அதற்கும் பின்னால் வந்தது.

நம்பிக்கை: ஓர் அளவுத் தோட்டாவின் உறையை இன்னோர் அளவுக்கு மாற்றுவது கள்ளப் பட்டறை வேலை.

பெரிய தொழிற்சாலைகள்தான் இதை முதலில் செய்தன. ஸ்னைடருக்குப் பின் 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவுக்கு 577/450 என்று பெயர். .577 அளவு உறையின் கழுத்தை .450 குண்டுக்கு ஏற்ப நெருக்கியது என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியின் 450/400 தோட்டாவும் இதே வழியில் பிறந்தது.

நம் நாட்டுச் சட்டமே சில புது அளவுகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. ராணுவக் குண்டுகள் திருட்டுப்போய் வெளியே பயன்பட்டுவிடக் கூடாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 அளவைத் தனியாருக்குத் தடுத்தது. வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. .465, .470, .475 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனம் 1907இல் வெளியிட்டது 500/465. .500 உறையின் கழுத்தைச் சுருக்கியது அது. .303க்கும் இதே தடை இருந்ததால்தான் உரிமம் பெற்ற இந்தியர்களின் கையில் .315 ரைபிள் பரவியது.

இன்று மார்ட்டினி ஹென்றிக்குப் புது உறை கிடைப்பது அரிது. உரிமத்தோடு பழைய துப்பாக்கி வைத்திருக்கும் வெளிநாட்டு ஆர்வலர்கள் 24 கேஜ் பித்தளை உறையை அச்சுக்குள் படிப்படியாக அழுத்திக் கழுத்தைச் சுருக்கி, நீளத்தை வெட்டி அதற்குப் பொருத்திக்கொள்கிறார்கள். மாறுவது கழுத்தும் தோளும்தான். அடிப்பாகத்தின் விளிம்பும் கனமும் ஆதி உறையில் இருந்தபடியே இருக்க வேண்டும். அதனால், புது அளவுக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ள உறையைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

நம்பிக்கை: பித்தளையை முழுக்கப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அரிவாள் போல உறுதியாகும்.

இரும்பைப் பார்த்து வந்த எண்ணம் இது. கரி கலந்த எஃகு திடீரென்று குளிரும்போது அதன் உள்கட்டமைப்பே மாறி இறுகுகிறது. தோட்டாப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். அதில் அப்படி ஒரு மாற்றம் நடப்பதில்லை. பித்தளையை இறுக்குவது அடியும் அழுத்தமும்தான். சூடு அதை இளக்கும். தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் இளகியது இளகியதே. அண்டா தட்டும் பாத்திரப் பட்டறைகளில் சிறிது நேரம் தட்டியதும் தணலில் காட்டி மறுபடி தட்டுவார்கள். காட்டாவிட்டால் தகடு கிழியும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

தோட்டா உறையில் கழுத்து மட்டும் இளகியிருக்க வேண்டும். அடிப்பாகம் கெட்டியாகவே இருந்தாக வேண்டும். வெடிக்கும் நொடியில் உறையின் பின்புறத்தைத் தாங்குவது அந்தக் கெட்டித்தனம். அடிவரைக்கும் காய்ச்சிய உறை பார்வைக்குக் குறையில்லாமல் தெரியலாம். சுட்டால் கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கு நேராக வரும்.

நம்பிக்கை: பித்தளை துருப்பிடிக்காது, எத்தனை வருடமானாலும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இதைப் பொய்யாக்கியது நம்முடைய மழைக்காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்தபோது, யாரும் தொடாத உறைகளில் விரிசல் விட்டிருந்தது. குண்டைப் பிடிக்க நெருக்கிய கழுத்துப் பகுதியில்தான் வெடிப்பு அதிகம். பருவம் தவறாமல் வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் பிடிபட வெகுகாலம் ஆனது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைத் தெளிவாக விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து செம்பை உலோக மணிகளின் எல்லைக்கோடுகள் வழியே கரைக்கிறது. ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. உறையை இழுத்து நெருக்கியபோது உள்ளே தங்கிப்போன இழுவிசையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வெடிப்பு. நிறமும் வடிவமும் கெடாத அளவுக்கு லேசாகச் சூடுகாட்டி அந்த இழுவிசையைத் தளர்த்திவிட்டால் விரிசல் வராது என்பதும் அதிலேயே புரிந்தது. அளவு மாற்றிய உறையில் இந்த இழுவிசை கூடுதல். கழுத்தைக் காய்ச்சாமல் விட்டவர்களின் உறைகள் அலமாரியில் இருந்தபடியே பிளப்பதற்கு இதுதான் காரணம்.

நம் வீட்டுக் குடத்துக்கும் இந்த விதி பொருந்தும். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் பித்தளைப் பாத்திரங்களை ஆண்டுக்கணக்கில் மூட்டை கட்டிப் போடாதீர்கள். அம்மோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். பாட்டி கையாண்ட புளி நல்லது. அதன் புளிப்பு கறையை மட்டும் கரைக்கும். தேய்த்தவுடன் கழுவிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து, மேலே செம்பு நிறம் படரும். அதைச் சுத்தமானதன் அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது உலோகம் அரிபட்டதன் அடையாளம்.

நம்பிக்கை: .303உம் .315உம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்றை ஒன்றில் போடலாம்.

.303 குண்டின் உண்மையான விட்டம் ஏறக்குறைய 0.311 அங்குலம், .315 குண்டுக்கு 0.323. உறைகளின் வடிவமும் வேறு. பெயரிலுள்ள எண் பெரும்பாலும் குழலின் உட்பள்ளத்தைக் கணக்கில் சேர்க்காத அளவு. அதை நம்பித் தோட்டாவை மாற்றிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

நம்பிக்கை: காலித் தோட்டாதானே, வைத்திருந்தால் என்ன?

பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அந்த விலக்கு அதற்கு மேல் போகாது. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 5ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள்வரை போகலாம். அமெரிக்க வீடியோவைப் பார்த்து இங்கே வீட்டுக் கொட்டகையில் தோட்டா செய்ய முயல்வது இந்தக் குற்றத்தில்தான் சேரும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் அலையும் ஏழைப் பிள்ளைகளைப் பற்றியது. செங்கல்பட்டுப் பக்கம் அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருப்பதால் இந்தக் கவலை கூடுகிறது. 2019 ஆகஸ்டில் திருப்போரூரை அடுத்த மானாம்பதியில், கோயில் குளத்தில் கிடந்த ஒரு பொருள் வெடித்து இளைஞர்கள் உயிரிழந்தார்கள். எது காலி, எது உயிருள்ளது என்று பார்வையால் சொல்ல முடியாது. வயலிலோ பழைய பொருள் மூட்டையிலோ அப்படி ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், உருக்கும் உலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளை விலக்கி நிறுத்தி, 112க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். எடுத்துச் செல்வது வெடிகுண்டு நிபுணர்களின் வேலை.